இன்ஜினியரிங் மூணாவது வருஷம், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எலெக்டிவ் எடுக்கலாமா, சர்டிஃபிகேட் போடலாமா, வேற வழி இருக்கா?

தங்கச்சிமடம்_சிவில்

எல்லாருக்கும் வணக்கம். நான் சிவில் மூணாவது வருஷம், வீடு தங்கச்சிமடம், தினமும் பாலம் தாண்டி காலேஜ் பஸ்ல போயிட்டு வர்றேன். அடுத்த செம்முக்கு எலெக்டிவ் லிஸ்ட்ல ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இருக்கு. கிளாஸ்ல பாதிப்பேரு தியரிதான், மார்க் ஈசியா வரும்னு எடுக்குறாங்க, அதுக்காக எடுக்க எனக்கு மனசு வரல. கத்தார்ல இருக்க சித்தப்பா பையன் எலெக்டிவ்லாம் விடு, பிரைமவேரான்னு வேலைய தேதி வாரியா பிளான் போடுற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கோர்ஸ் ஒண்ணு முடிச்சுட்டு வா, மிச்சத்த நான் பாத்துக்குறேன்னு சொல்றாரு. சீனியர் ஒருத்தர் சிஏபிஎம்னு ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சர்டிஃபிகேட் பரீட்சை இருக்கு, அத எழுது, படிக்கும்போதே எழுதலாம்ங்குறார். எங்க வீட்ல இன்ஜினியர் யாரும் இல்ல, அப்பா விசைப்படகு வச்சிருக்கார், அதனால கேக்க ஆள் இல்லாம இங்க வந்து கேக்குறேன். காசு ஏதாவது ஒண்ணுக்குத்தான் கட்ட முடியும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கு. இதுவரைக்கும் ஒரு சைட்ல கூட நின்னதில்ல, நாலு பேர வேலை வாங்குனதில்ல, அப்படி இருக்க ஒருத்தன் இந்த சப்ஜெக்ட்ட இப்பவே படிச்சா அது மண்டையில நிக்குமா? வேலைக்குப் போயிட்டு அப்புறமா படிக்கிறதுதான் சரியா?

கீழக்கரை_பிளானர்

தம்பி, நான் தம்மாம்ல பிளானிங் இன்ஜினியரா இருக்கேன், ஊரு கீழக்கரை. உங்க சித்தப்பா பையன் சொல்றதுல பாதி நெசம். வளைகுடால பெரிய கான்ட்ராக்ட் எதுலயும் பிளானர் வேலைக்கு பிரைமவேரா கேப்பாங்க, சிவி எடுத்து வைக்கிறதே அந்த ஒரு வார்த்தையப் பாத்துத்தான். ஆனா இன்டர்வியூல உக்காந்ததும் சாஃப்ட்வேர்ல எந்த பட்டன் எங்க இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஒரு வேலைக்கு முன்னாடி என்ன முடியணும், இது பத்து நாள்னு எத வச்சு சொன்ன, இது லேட்டானா எது எது தள்ளிப் போகும், எது தள்ளாது, இதைத்தான் கேப்பாங்க. இந்த இடத்துல மாட்டுற பசங்க நிறைய பேர். கோர்ஸ்ல கொடுத்த சாம்பிள் ஃபைல்ல இருநூறு வேலை ஏத்திருப்பாங்க, அதுல ஒரு நம்பர் கூட அவங்க போய் விசாரிச்சு வாங்குனதா இருக்காது.

அதனால சாஃப்ட்வேர கடைசியா வை. பழகுறதுக்கு ப்ராஜெக்ட்லிப்ரேன்னு இலவசமா ஒண்ணு இருக்கு, மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் மாதிரியேதான் வேலை செய்யும், உங்க லேப்டாப்புக்கு அது போதும். பிரைமவேராவ வேலைக்கு அப்ளை பண்ற சமயத்துல ஒரு மாசம் உக்காந்தா கையில வந்துடும். காசு கட்டுறத இப்ப யோசிக்காதீங்க.

ராமேஸ்வரம்_மெக்

நம்ம ஊர்ல பொறந்துட்டு இத படிக்கலாமான்னு கேக்குறியே தம்பி! 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, அந்த பாசஞ்சர் ரயில் போச்சு, பாம்பன் ரயில் பாலத்துல தண்டவாளத்தத் தாங்குற இரும்பு கர்டர்லாம் கடலுக்குள்ள போச்சு. ரயில்வே சரி பண்ண ஆறு மாசம் டயம் குடுத்துச்சு, மேல இருந்த அதிகாரி அத மூணு மாசமா குறைச்சார், பொறுப்ப ஏத்துக்கிட்ட ஸ்ரீதரன் சார் 46 நாள்ல முடிச்சார். அப்ப அவருக்கு முப்பது வயசு நிறைஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷம்தான் இருக்கும். பின்னாடி கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு அவர் செஞ்சதெல்லாம் ஊருக்கே தெரியும், ஆனா அந்த பேரு மொதல்ல வெளிய வந்தது நம்ம கடல்ல. எலெக்டிவ் எடு, தைரியமா எடு.

சைட்_இன்ஜினியர்_பரமக்குடி

ராமேஸ்வரம்_மெக் சொன்ன கதை எனக்கும் உயிர்தான். ஆனா படிக்கிற பையன் அதுல இருந்து "46 நாள்ல முடிக்கணும்"னு மட்டும் எடுத்துக்கக் கூடாது, அந்த 46 நாள் எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். புது கர்டர் செஞ்சு எங்கிருந்தோ கொண்டுவந்து வைக்கிறதா இருந்தா அந்த டயம் கனவுல கூட நடக்காது. கடலுக்குள்ள விழுந்து கிடந்ததையே தேடி எடுத்து திரும்ப மாட்டுனாங்க, அது எங்க கிடக்குன்னு காட்டுனது இந்தக் கடல் தெரிஞ்ச மீனவங்க. ஆக வேலையோட அளவையே முதல்ல மாத்திட்டார், அதுக்கப்புறம்தான் வேகம். பரீட்சைல இத ஸ்கோப்னு எழுதுவீங்க.

அதே தண்ணிமேல ரோடு பாலத்தப் பாருங்க, 1974ல ஆரம்பிச்சு 1988லதான் திறந்தாங்க. புது ரயில் பாலம் 2020ல வேலை ஆரம்பிச்சுச்சு, 2021 செப்டம்பர்ல முடியும்னு சொன்னாங்க, 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தாங்க. உடனே "முன்னாடி 46 நாள், இப்ப அஞ்சு வருஷமா"ன்னு டீக்கடைல பேசுறாங்க, அது நியாயமே இல்ல. நடுவுல கொரோனா வந்துச்சு. நடுப்பகுதில கப்பல் போக மேல தூக்குற 72.5 மீட்டர் ஸ்பான், அதாவது பாலத்துண்டு, ஏறத்தாழ 660 டன், அத ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து தூண் மேலயே நகத்திக்கிட்டு வந்தாங்க, நடுவுல பாலம் வேற வளையுது, 2024ல அந்த ஒரு வேலைக்கே மாசக்கணக்குல ஆச்சு. காத்து ஏறுச்சுன்னா கிரேன நிறுத்தியே ஆகணும், அங்க சீஃப் இன்ஜினியர் சொன்னாலும் ஓடாது.

நம்ம மாவட்டத்துலயே நேர் எதிரா ஒண்ணு இருக்கு. கமுதி சோலார் பிளான்ட், 648 மெகாவாட், 2016ல எட்டே மாசத்துல முடிச்சாங்க. அது எப்படி முடிஞ்சுச்சு? ஏறத்தாழ 25 லட்சம் பேனல், எல்லாம் ஒரே மாதிரி வேலை, ஆயிரக்கணக்குல ஆள இறக்கி நூறு இடத்துல ஒரே நேரத்துல செய்யலாம், காஞ்ச நிலம். ஆள் சேத்தா நாள் குறையுற வேலை அது. பாம்பன் ஸ்பானுக்கு ஆயிரம் பேர நிறுத்துனாலும் ஒரு அடி கூட சேத்து நகராது. எந்த வேலை எந்த ஜாதின்னு பாத்த உடனே சொல்லத் தெரியணும் தம்பி, எனக்குத் தெரிஞ்சு இந்த சப்ஜெக்டோட முதல் பாடமே அதுதான்.

மண்டபம்_ஈசிஇ

ஒண்ணு சேத்துக்குறேன். பழைய பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிறுத்துனாங்க, அதுல இருந்து புதுசு திறக்குற வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு மேல எந்த ரயிலும் எங்க மண்டபத்தத் தாண்டல. வயசானவங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு அங்க இறங்கி பஸ் புடிச்சு ராமேஸ்வரம் போனாங்க. அந்தச் செலவு அந்தப் ப்ராஜெக்ட் பட்ஜெட்ல எந்த வரிலயும் வராது. கிளாஸ்ல லேட்டானா காஸ்ட் எவ்வளவு கூடும்னு கணக்கு போடச் சொல்றாங்க, யாரு தலைல கூடுதுன்னும் ஒரு கேள்வி வைக்கணும்னு எனக்குத் தோணும்.

திருப்புல்லாணி_ஆசிரியர்

நான் இந்தப் பாடத்தை நடத்துறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

சர்டிஃபிகேட் விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம். சிஏபிஎம், பிஎம்பி ரெண்டையும் நடத்துறது பிஎம்ஐங்குற அமைப்பு, 1969ல அமெரிக்காவுல தொடங்கினது. சிஏபிஎம் எழுத டிகிரி வேண்டாம், பிளஸ் டூவும் 23 மணி நேர வகுப்பும் இருந்தா போதும், 150 கேள்வி, 3 மணி நேரம். பிஎம்பி அப்படியில்ல, டிகிரிக்கு மேல 36 மாசம் ப்ராஜெக்ட்டை நடத்தின அனுபவம் காட்டணும், அதனால மாணவர்கள் அதைப் பத்தி இப்ப கவலைப்பட வேண்டியதில்ல. சிஏபிஎம் ஃபீஸ் நம்ம ஊர் மாணவர்களுக்கு கனமான தொகை, வாங்கினாலும் நம்ம பக்கம் சிவில் கம்பெனிகள் அதைக் கேட்டு நான் பாத்ததில்ல. ஐடி பக்கம் போறவங்களுக்கு ஓரளவு பேசும். உங்களுக்கு என் சிபாரிசு என்பிடெல்ங்குற ஆன்லைன் படிப்பு. ஐஐடி பேராசிரியர்கள் நடத்துற ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கோர்ஸ் வருது, பாக்குறது இலவசம், பரீட்சை எழுதினா மட்டும் 1000 ரூபாய் அளவுல ஃபீஸ், அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75. காலேஜ்ல கிரெடிட்டா ஏத்துக்குவாங்களான்னு டிபார்ட்மென்ட்ல முன்னாடியே கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

எலெக்டிவ்ல என்ன வரும்? கான்ட் சார்ட், எந்த வேலை எந்த நாள்ல இருந்து எந்த நாள் வரைங்குறதை பட்டையா வரைஞ்சு காட்டுறது, நூறு வருஷத்துக்கும் மேல பழசு, இன்னிக்கும் சைட் ஆபீஸ் சுவத்துல அதுதான் தொங்குது. 1957ல டூபான்ட் கம்பெனிக்காரங்க ஆலை பராமரிப்புக்காக உருவாக்கின சிபிஎம், அதாவது கிரிட்டிக்கல் பாத் முறை, அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காகக் கொண்டுவந்த பெர்ட். ரெண்டும் ஒரே அத்தியாயத்துல வர்றதால மாணவர்கள் குழப்பிக்குறாங்க. ஆலை பராமரிப்பு பலமுறை செஞ்ச வேலை, நாள் தெரியும், அதனால சிபிஎம்ல ஒரு வேலைக்கு ஒரே நம்பர். ஏவுகணையை அதுவரை யாரும் செஞ்சதில்ல, அதனால பெர்ட்ல மூணு நம்பர், எல்லாம் நல்லா நடந்தா எத்தனை நாள், வழக்கமா எத்தனை, ரொம்ப மோசமா போனா எத்தனை. வழக்கமானதை நாலால பெருக்கி மத்த ரெண்டையும் கூட்டி ஆறால வகுக்கணும். ஃபார்முலா ஒரு வரிதான், அந்த மூணு நம்பரை யார்கிட்ட போய் கேக்குறதுங்குறதுதான் இந்தப் பாடத்தோட உயிர்.

பிஎம்ஐ வெளியிடுற பிம்பாக்ங்குற வழிகாட்டிப் புத்தகத்துல 2017ல வந்த ஆறாம் பதிப்புல 49 ப்ராசஸ் இருந்துச்சு, பசங்க அதை அட்டவணையா மனப்பாடம் பண்ணாங்க. 2021ல வந்த ஏழாம் பதிப்பு அதை ஓரமா வச்சுட்டு 12 கொள்கைன்னு மாத்திடுச்சு. மனப்பாடம் பண்ணினவங்களுக்கு எல்லாம் பழசாயிடுச்சு, புரிஞ்சு படிச்சவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.

உங்க கடைசி சந்தேகத்துக்கு வர்றேன். அனுபவம் இல்லாம படிச்சா நிக்குமான்னு கேட்டீங்க. நிக்காது. அதுக்காக வேலை கிடைக்கிற வரை காத்திருக்கவும் வேண்டாம், கண்ணு முன்னாடி நடக்குற ஒரு நெசமான வேலையை எடுத்து, பாடத்தோட கூடவே அதைத் திட்டமா போட்டுப் பாருங்க. உங்க வீட்லயே வருஷா வருஷம் ஒண்ணு நடக்குதே. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதுக்குள்ள அப்பா படகை கரையேத்தி, சரி பண்ணி, திரும்ப தண்ணில விடணும். ஆரம்ப தேதியும் கடைசி தேதியும் அரசாங்கம் வச்சது, ஒரு நாள் தள்ளினாலும் ஒரு நாள் தொழில் போச்சு. இதைவிட நல்ல ப்ராஜெக்ட்டை எந்தப் புத்தகத்துல நான் உங்களுக்குக் காட்ட முடியும்?

தங்கச்சிமடம்_சிவில்

சார் ரொம்ப நன்றி. ராத்திரி அப்பாட்டயும் எங்க டிரைவர் மாமாட்டயும் உக்காந்து கேட்டேன். மொதல்ல "உனக்கு எதுக்குடா இதெல்லாம்"னாங்க, அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருத்தி திருத்தி மணிக்கணக்கா சொன்னாங்க. வந்தது இது.

கரையேத்த வரிசைல நின்னு ஏத்துறதுக்கு நல்லா போனா 2 நாள், வழக்கமா 5, மோசமா போனா 14. அடில பாசி சிப்பி சுரண்டி, காயவிட்டு, எந்தப் பலகை போச்சுன்னு தட்டிப் பாக்க 4 நாள். பலகை மாத்த 6, 9, 18. கலப்பத்து அடிக்க, அதாவது பலகை இடுக்க தண்ணி புகாம அடைக்க 5. பெயின்ட் அடிச்சு காய 4. இன்ஜின இறக்கி ஓவராலிங் பண்ண 10, 14, 30, பார்ட்ஸ் வர்றதப் பொறுத்து. அப்புறம் இன்ஜின ஏத்தி ஷாஃப்ட் நேர் பாக்க 3, தண்ணில இறக்க 3, ஓட்டிப் பாத்து டீசல் ஐஸ் ஏத்த 2. வலை வேலை வீட்டு வாசல்லயே தனியா ஓடும், அத சேக்கல.

சார் சொன்ன ஃபார்முலா போட்டா கரையேத்த 6, பலகை 10, இன்ஜின் 16 வருது. படகு உடம்பு வேலை 6, 4, 10, 5, 4 கூட்டுனா 29. இன்ஜின் பக்கம் 6, 16 கூட்டுனா 22. அப்போ உடம்பு வேலைதான் கிரிட்டிக்கல் பாத், அதாவது மொத்த நாள முடிவு பண்ற நீளமான பாதை, இன்ஜினுக்கு 7 நாள் ஃப்ளோட், அதாவது அவ்வளவு தள்ளினாலும் மொத்தம் தள்ளாது. கடைசி மூணு வேலை 8 நாள் சேத்தா மொத்தம் 37. 61ல 24 நாள் மிச்சம் இருக்கு!

ஆனா அப்பாட்ட இத காட்டுனா அவர் நம்பவே இல்ல. எந்த வருஷமும் ஜூன் 14 ராத்திரி வரைக்கும் ஓடிக்கிட்டேதான் இருப்போம், நீ எங்கிட்டு இருந்துடா 24 நாள் மிச்சம் புடிச்சங்குறார். கணக்க மூணு தடவ பாத்துட்டேன், கூட்டல்ல தப்பு இல்ல. எங்க போகுது அந்த 24 நாள்?

கீழக்கரை_பிளானர்

தம்பி இது அருமையான கேள்வி, நெசமா சொல்றேன், ஆபீஸ்ல பத்து வருஷ அனுபவம் உள்ளவங்க கூட இந்தக் கேள்விய இவ்வளவு சுத்தமா கேட்டு நான் பாத்ததில்ல. உங்க கணக்கு சரி, அப்பா சொல்றதும் சரி. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், "பலகை மாத்த வழக்கமா 9 நாள்"னு அப்பா சொன்னது ஆசாரி வந்து வேலை பாக்குற நாளா, இல்ல காலண்டர் நாளா?

பாம்பன்_இன்ஜின்_மெக்கானிக்

படிப்பு எனக்கு அதிகம் இல்ல, விசைப்படகு இன்ஜின் வேலை பாக்குறேன், இந்த பேச்ச தம்பி ஒருத்தர் காட்டுனாரு. கீழக்கரை காரரு கேட்டதுலதான் விஷயம் இருக்கு. தடைக்காலம்னா எல்லா படகுக்கும் ஒரே தடைக்காலம். நல்ல ஆசாரி கை எண்ணிக்கைல கொஞ்சம் பேருதான், ஒவ்வொருத்தரும் மூணு நாலு படகு ஒத்துக்குவாரு. இன்னிக்கு உங்க படகுல ரெண்டு பலகை, நாளைக்கு அடுத்த படகுல, இவன் கத்துனா அங்கிட்டு, அவன் கத்துனா இங்கிட்டு. அப்ப 9 நாள் வேலை 9 நாள்ல எப்படி முடியும். கலப்பத்துக்கும் அதே கைதான். எங்க இன்ஜின் வேலையும் அப்படித்தான், மே மாசம் பார்ட்ஸ் கடைல எல்லாரும் ஒரே சாமானக் கேப்பாங்க.

அப்புறம் காசு. தடைக்கால நிவாரணம் 5,000 இருந்தத 8,000 ஆக்குனாங்க, அது வீட்டுச் செலவுக்கு வர்ற காசு, படகுக்கு அது பத்தாது. படகுக்காரரு ஏலக்காரர்ட்டயோ நகை வச்சோ புரட்டணும், பலகைக்கு அட்வான்ஸ் குடுக்குறதே ஏப்ரல் கடைசில. பலகை வராம ஆசாரி வந்து என்ன செய்வாரு. மீன்வளத் துறைல படகு ஆய்வுக்கு வர்ற தேதியும் நம்ம கைல இல்ல.

தங்கச்சிமடம்_சிவில்

அண்ணே இது தெரியாம நான் பாட்டுக்கு கூட்டிக்கிட்டு இருந்தேன். அப்பாட்ட கேட்டேன், அவர் சொன்னது வேலை நாள்தான். ஆசாரி ஒண்ணு விட்டு ஒரு நாள்தான் வருவாராம்.

திரும்ப போட்டேன். பலகை 10 நாள் 20 ஆகுது, கலப்பத்து 5 நாள் 10 ஆகுது. உடம்பு வேலை 6, 4, 20, 10, 4, மொத்தம் 44. கடைசி 8 சேத்தா 52. காசு புரட்ட ஒரு வாரம் லேட்டா ஆரம்பிச்சா 59. 61ல ரெண்டே நாள் மிச்சம். ஒரு மழை பேஞ்சு பெயின்ட் காயலன்னா அதுவும் போச்சு. அப்பாவுக்கு காட்டுனேன், "இப்பத்தான் நீ நம்ம படகு கணக்க போட்டிருக்க"ன்னார்.

திருப்புல்லாணி_ஆசிரியர்

இந்த இழையை அப்படியே என் வகுப்புல காட்டப் போறேன். சிபிஎம் கணக்குல ஆளும் சாமானும் கேட்ட நேரம் கிடைக்கும்னு ஒரு ஊகம் உள்ளுக்குள்ள இருக்கு, புத்தகம் அதை ஒரு வரில சொல்லிட்டுப் போயிடும், மாணவர்களும் அதைப் படிக்காம தாண்டிடுவாங்க. வேலை நாள் வேற, கழியுற நாள் வேற. அந்தப் பையனோட 22 நாள் வித்தியாசம் முழுக்க அதுக்குள்ளயும் காசுக்குள்ளயும்தான் இருந்துச்சு.

இன்னொண்ணையும் கவனிங்க. முதல் கணக்குல இன்ஜினுக்கு 7 நாள் ஃப்ளோட். இப்ப உடம்பு வேலை 44 ஆனதால 22 நாள் ஃப்ளோட். பார்ட்ஸ் வராம இன்ஜின் 30 நாள் இழுத்தா 36 ஆகும். முதல் கணக்குல அது 29ஐத் தாண்டி கிரிட்டிக்கல் பாதையே இன்ஜின் பக்கம் மாறியிருக்கும், இப்ப 44க்குள்ள அடங்கிடுது. அப்படின்னா இன்ஜின் மெக்கானிக்கை அவசரப்படுத்தி கூடக் காசு குடுக்குறது வீண். அந்தக் காசை வேற எங்க போட்டா நாள் குறையும்னு யோசிங்க.

சைட்_இன்ஜினியர்_பரமக்குடி

ஆசாரிட்ட. வேற எங்க. பிப்ரவரிலயே அட்வான்ஸ் குடுத்து முதல் ரெண்டு வாரத்த ஒத்துக்க வைங்க. பலகை எவ்வளவு வேணும்னு போன வருஷ அனுபவத்துல ஒரு குத்துமதிப்பு வருமே, அத முன்னாடியே வாங்கிப் போட்டுடுங்க, தட்டிப் பாத்ததுக்கு அப்புறம் குறையுறத மட்டும் வாங்கலாம். சைட்ல நாங்க நீண்ட நாள் ஆகுற சாமானுக்கு தனி லிஸ்ட் போடுறது இதுக்குத்தான். இன்ஜின இறக்க படக கரையேத்தணும்னு கட்டாயமா? தண்ணில இருக்கும்போதே கழட்டலாம்னா அந்த 6 நாளும் இன்ஜினுக்கு மிச்சம்.

பாம்பன்_இன்ஜின்_மெக்கானிக்

ஜெட்டிலயே கழட்டலாம், செய்யுறதுதான்.

கீழக்கரை_பிளானர்

ஒரு எச்சரிக்கை, படிக்கிற பசங்களுக்காக. பல பாதை ஒண்ணா சேர்ற வேலைல பெர்ட் சராசரிய மட்டும் கூட்டுனா நாள் கம்மியாத்தான் காட்டும். உடம்பு வேலை, இன்ஜின் ரெண்டும் முடிஞ்சாத்தான் ஷாஃப்ட் நேர் பாக்க முடியும். ரெண்டுல எது லேட்டோ அதுக்கு காத்திருக்கணும், எது சீக்கிரம் முடிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. பல பாதை ஒரே இடத்துல சேர்ற புள்ளில எல்லாம் இப்படி நாள் கசியும். பெரிய ஆலை ப்ராஜெக்ட்ல இந்த மாதிரி சேர்ற இடம் நூத்துக்கணக்குல இருக்கும், நாங்க மொதல்ல கண்ணு வைக்கிறதே அங்கதான். முதல் கணக்குல இருந்த அந்த 29க்கும் 22க்கும் நடுவுல 7 நாள் இடைவெளிய பாதுகாப்புன்னு நெனச்சு உக்காந்துடக் கூடாது, இன்ஜின் நம்பர் 10லருந்து 30 வரைக்கும் ஆடுற நம்பர்.

தம்பி உங்க அப்பாட்ட இன்னொண்ணும் கேளுங்க, போன நாலஞ்சு தடைக்காலத்துல எது எப்ப முடிஞ்சுச்சுன்னு ஞாபகம் இருக்கான்னு. ஆசாரிக்கு காசு குடுத்த தேதி நோட்டுல இருக்கும். அதுல இருந்து எடுத்த நம்பருக்கு கிட்ட எந்த ஃபார்முலாவும் வராது.

மண்டபம்_ஈசிஇ

இந்த இழை முழுக்க கட்டுமானம், படகுன்னே போகுது, எங்களுக்கும் கொஞ்சம் இடம் குடுங்க. நாங்க நாலு பேரு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா கடல்பாசி மிதவைல தண்ணி வெப்பமும் உப்பும் அளக்குற சென்சார் பண்றோம். எங்க கைடு ஸ்க்ரம் முறைல பண்ணுங்கன்னார், ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்ப்ரின்ட், தினம் பத்து நிமிஷம் நின்னுக்கிட்டே பேசுறது. 2001ல சாஃப்ட்வேர்க்காரங்க 17 பேரு சேந்து அஜைல் அறிக்கை எழுதுறதுக்கு முன்னாடியே 1990கள்ல வந்த பழக்கம் அது, இப்ப அஜைல் முறைகள்ல ஒண்ணுன்னு சொல்வாங்க, கோடுக்கு அது பிரமாதமா வேலை செய்யுது. ஆனா போர்டு ஆர்டர் போட்டா வர வாரக்கணக்கா ஆகுது, அது வர்ற வரைக்கும் ஸ்ப்ரின்ட்ல ஹார்டுவேர் ஆளுக்கு வேலையே இல்ல. அதனால ரெண்டா பிரிச்சுட்டோம், சாமான் வர்றது, தண்ணி புகாத டப்பா, கடல்ல கட்டுறது எல்லாம் தேதி போட்ட சார்ட்ல, கோடும் டிஸ்ப்ளேவும் ஸ்ப்ரின்ட்ல. அஜைலா பழசான்னு இன்டர்நெட்ல சண்டை போடுறத விட இது எங்களுக்கு உதவுது.

இன்னொரு விஷயம், பாசி வளக்குற அக்காமாருட்ட போய் என்ன வேணும்னு கேட்டோம். நாங்க பெரிய கிராஃப், ஆப்பு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தோம். அவங்க கேட்டது, தண்ணி ரொம்ப சூடானா ஒரு போன் கால் வரணும், அவ்வளவுதான். பாதி வேலை குறைஞ்சுச்சு.

ராமேஸ்வரம்_மெக்

தங்கச்சி சொன்ன கடைசி விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. 2017ல ஆழ்கடல் சூரைப் படகுத் திட்டம் இங்க ராமேஸ்வரத்துலதான் ஆரம்பிச்சாங்க. பாக் நீரிணைல இழுவைப் படக குறைக்கணும், மூணு வருஷத்துல 2000 படகு மாத்தணும்னு இலக்கு. ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், பேங்க் கடன் 20, கைக்காசு 10. பேப்பர்ல பாத்தா அருமை, நோக்கமும் நல்ல நோக்கம்தான், இழுவை வலை கடல அழிக்குதுன்னு எங்க ஆளுங்களுக்கே தெரியும். ஆனா மூணு வருஷத்துல இலக்குக்கு பக்கத்துல கூட வரல. சாயங்காலம் போயி காலைல திரும்புற ஆளு, வாரக்கணக்கா ஆழ்கடல்ல கிடக்கணும், தூண்டில் முறை புதுசு, கடன் மீதி அவர் தலைல. படகு கட்டுறதுக்கு போட்ட கவனத்த டிரைவர பழக்குறதுக்கும், மீன வாங்க ஆள் வைக்கிறதுக்கும் போட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது. படகு குடுக்குறது ஒரு வேலைதான், தொழில் மாறுறது பத்து வேலை.

சைட்_இன்ஜினியர்_பரமக்குடி

ஒத்துக்குறேன். ஆனா அண்ணே, எந்தத் திட்டத்தயும் மக்கள்ட்ட கேக்கலன்னு ஒரே வரில முடிச்சுடக் கூடாது, கேட்டாலும் எல்லாரும் ஒரே பதில் சொல்ல மாட்டாங்க. படகு முதலாளி ஒண்ணு சொல்வாரு, கூலிக்குப் போறவரு ஒண்ணு சொல்வாரு, நாட்டுப்படகுக்காரரு வேற சொல்வாரு. யாரு யாரு சம்பந்தப்பட்டவங்க, யாருக்கு என்ன போகும்னு லிஸ்ட் போடுறது பாடத்துல ரெண்டு பக்கம்தான் வரும், நேர்ல அதுதான் பாதி வேலை. தம்பி படகு பிளான்லயே பாருங்க, ஆசாரிக்கு நாலு படகு எடுத்தாத்தான் வருஷ வருமானம். உங்க படகுக்கே முழுசா வான்னா அவருக்கு நஷ்டம், அத ஈடு கட்டாம அட்வான்ஸ் மட்டும் குடுத்தா வாங்கிக்கிட்டு அடுத்த படகுக்குத்தான் போவாரு.

தங்கச்சிமடம்_சிவில்

அப்பாவும் இதேதான் சொன்னார். அதனால பக்கத்து படகு ரெண்டு பேரோட பேசி, மூணு படகும் ஒரே ஆசாரிய வரிசையா வைக்கலாமான்னு கேக்கப் போறாராம். மொத படகு முழுசா முடிச்சுட்டு ரெண்டாவது, அப்புறம் மூணாவது. ஆசாரிக்கு வேலை குறையாது, அலைச்சலும் இல்ல. மூணாவது படகுக்கு யாரு ஒத்துக்குவான்னுதான் தெரியல, அந்தப் படகுக்கு இன்ஜின் வேலை பெருசா இருந்தா அவருக்கு இது பரவாயில்லதானே சார்? இன்ஜின மொதல்ல கழட்டிடலாம்ல.

திருப்புல்லாணி_ஆசிரியர்

ஆமாம். இன்ஜின் வேலை யாருக்கு நீளமோ அவரை ஆசாரி வரிசைல கடைசில வைங்க, அவருக்கு ஆசாரி லேட்டா வந்தாலும் இழப்பு கம்மி. இதைத்தான் ரிசோர்ஸ் லெவலிங்னு அஞ்சாவது யூனிட்ல வச்சிருக்கோம். மூணு படகுக்கும் சேத்து ஒரே சார்ட்டா போட்டுக் கொண்டாங்க. எலெக்டிவ் எடுங்க, என்பிடெல்லும் பதிவு பண்ணுங்க, சிஏபிஎம் காசை பத்திரமா வச்சுக்கோங்க.

கீழக்கரை_பிளானர்

சார்ட்ட ப்ராஜெக்ட்லிப்ரேல போட்டு ஏப்ரல் 15க்கு முன்னாடி பேஸ்லைன்னு, அதாவது ஒப்பிட்டுப் பாக்குறதுக்கான மூல பிளானா, ஒரு காப்பி சேவ் பண்ணிடுங்க, அத அப்புறம் தொடக் கூடாது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நெசமா முடிஞ்ச தேதிய பக்கத்துல போடுங்க. செலவும் எழுதுங்க, முடிஞ்ச வேலைக்கு பிளான்ல வச்சிருந்த காச, அதுவரைக்கும் செலவான காசால வகுத்தா ஒண்ணுக்கு கீழ வருதா மேல வருதான்னு பாருங்க, கீழ வந்தா காசு கையக் கடிக்குதுன்னு அர்த்தம். லேட்டான ஒவ்வொண்ணுக்கும் காரணத்த ஒரு வரி எழுதுங்க, மழையா, காசா, ஆளா, சாமானா. ஜூன் முடிஞ்சதும் அந்த ஃபைல எனக்கு அனுப்புங்க தம்பி. நீங்க டிகிரி முடிச்சு வேலை தேடுறப்ப சிவி கூட அத வச்சு நாலு இடத்துல நானே பேசுறேன்.

மண்டபம்_ஈசிஇ

அந்த ஃபைல இங்கயும் போடுங்க ப்ளீஸ். எங்க ஜூனியர்ஸுக்கு வேணும்.

தங்கச்சிமடம்_சிவில்

கண்டிப்பா போடுறேன் அக்கா, அப்பாட்ட பேரும் கடன் விவரமும் எடுத்துட்டு போடலாமான்னு கேட்டுக்குறேன். சனிக்கிழமை ஆசாரி வீட்டுக்கு போறோம், பாம்பன் அண்ணே, நீங்களும் வர முடியுமா? இன்ஜின் எத்தனை நாள்னு மூணு படகுக்கும் உங்க வாயால கேட்டு எழுதிக்கணும்.

பாம்பன்_இன்ஜின்_மெக்கானிக்

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வர்றேன் தம்பி. போன வருஷம் எந்த பார்ட்ஸ் போட்டம்னு அப்பாட்ட பில் இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லு.